ரக்பி ஆடத் தொடங்குவோருக்கு: முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள்

ரக்பி கற்க வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் முதல் நாளிலேயே பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரில் நிற்பவரை இடித்துத் தள்ளி ஓட விரும்புகிறார்கள். தொலைக்காட்சியில் அவர்கள் கண்டது அதுதான் என்பதால் அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு முழு ஆட்டத்தில் தனி ஒருவர் பந்தோடு ஓடும் நேரம் மிகக் குறைவு. பிடிபட்டு விழுவதிலும், விழுந்த இடத்திலிருந்து எழுந்து மறுபடி அணிவகுப்பில் நிற்பதிலும், பந்து வைத்திருப்பவருக்குப் பின்னால் துணைக்கு ஓடுவதிலுமே ஆட்டத்தின் பெரும்பகுதி கழிகிறது. ஒழுங்காக விழத் தெரியாதவர் முதல் மாதத்திலேயே தோள்பட்டையையோ மணிக்கட்டையோ காயப்படுத்திக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார் என்பதைப் பலமுறை பார்த்தவன் என்ற முறையில், இந்த வழிகாட்டியை நான் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கபடி ஆடிவிட்டு ரக்பிக்கு வந்தவன். நம் ஊர்களில் ரக்பிக்கு வருபவர்களில் கபடி தெரிந்தவர்கள் பலர் இருப்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கபடியில் பழகிய தொடைப் பிடி ரக்பியில் பெரிய வரம்; தாழ்ந்து இறங்கவும், ஓடி வருபவரின் இடுப்புக்குக் கீழே கண்ணை நிறுத்தவும் கபடி ஆடியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பழக்கங்களை அவர் விட்டாக வேண்டும். கபடியில் பிடித்தவரை நடுவர் ஊதும்வரை விடக்கூடாது. ரக்பியிலோ பிடிபட்டவர் தரையில் விழுந்த அடுத்த கணமே பிடியை விட்டு எழுந்துவிட வேண்டும், இல்லையென்றால் எதிரணிக்குப் பெனால்டி போய்விடும். கபடியில் கணுக்காலுக்குப் பாயும்போது தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பலர் கவனிப்பதில்லை. ரக்பியில் தலையின் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஆட்டத்தின் அமைப்பு

ரக்பி யூனியன் எனப்படும் முதன்மையான வடிவத்தில் ஓர் அணிக்கு 15 பேர். பாதிக்கு 40 நிமிடமாக 80 நிமிடம் ஆடுவார்கள். ஒலிம்பிக்கில் இடம்பெற்றிருக்கும் செவன்ஸ் வடிவத்தில் ஓர் அணிக்கு 7 பேர், பாதிக்கு 7 நிமிடம். மைதானத்தின் அளவு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் செவன்ஸில் ஓட வேண்டிய வெற்றிடம் மிக அதிகம்; 14 நிமிடம்தானே என்று நினைத்து இறங்குபவர்கள் மூன்றாம் நிமிடத்திலேயே மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்கலாம். இந்தியாவில் கல்லூரி, மாநில அளவிலான போட்டிகள் பலவும் செவன்ஸாகவே நடக்கின்றன. 15 பேர் கொண்ட அணியைத் திரட்டுவது கடினம் என்பது அதற்கு ஒரு காரணம்.

பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது என்பதே இந்த ஆட்டத்தின் ஆணிவேரான விதி. பக்கவாட்டிலோ பின்னாலோதான் பாஸ் கொடுக்கலாம். முன்னே அனுப்ப வேண்டுமானால் உதைக்கலாம், அல்லது தூக்கிக்கொண்டு ஓடலாம். கையில் பட்டு முன்னால் தவறி விழுந்தால் அது நாக்-ஆன். பெரும்பாலும் எதிரணி பந்து போட, இரு அணியும் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரமாக ஆட்டம் மறுபடி தொடங்கும். இந்த ஒரு விதியிலிருந்தே மற்ற எல்லாம் பிறக்கின்றன. பந்து பின்னால்தான் வரும் என்பதால், பந்து வைத்திருப்பவருக்குப் பின்னால் ஆட்கள் இருந்தாக வேண்டும். அவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் துணைக்கு வருபவர் இல்லையென்றால் அந்த ஓட்டம் வீண்.

எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி, அல்லது அந்தக் கோட்டின் மீதே, பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் அது ட்ரை. அதற்கு 5 புள்ளி. அதன்பின் கோல் கம்பங்களுக்கிடையே உதைக்கும் கன்வெர்ஷனுக்கு 2 புள்ளி. பெனால்டி கோலுக்கும், ஆட்டத்தின் போக்கிலேயே பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைக்கும் டிராப் கோலுக்கும் தலா 3 புள்ளி. கம்பங்களுக்கிடையே 5.6 மீட்டர் இடைவெளி, குறுக்குக் கம்பி 3 மீட்டர் உயரத்தில். பந்து அந்தக் கம்பிக்கு மேலே போக வேண்டும். 'ட்ரை' என்றால் முயற்சி. புள்ளி எடுப்பதற்கு ஏன் முயற்சி என்று பெயர் வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆட்டத்தின் தொடக்க காலத்தில் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைப்பதற்கென்று தனியாகப் புள்ளி ஏதும் கிடையாது. கோலை நோக்கி உதைக்க ஒரு முயற்சிக்கான உரிமை மட்டுமே கிடைத்தது. காலப்போக்கில் அந்த முயற்சியே உதையைவிட மதிப்பு மிக்கதாகி, 1971-ல் 4 புள்ளியாகவும் 1992-ல் 5 புள்ளியாகவும் உயர்ந்தது. உதைப்பதைவிடக் கையில் பந்தோடு ஓடுவதை ஆட்டம் ஊக்குவிக்கத் தொடங்கிய கதை அந்த எண்களில் இருக்கிறது.

ஸ்க்ரம், லைன் அவுட், ரக், மால் ஆகிய சொற்களைக் கேட்டுப் புதியவர் மிரள வேண்டாம். முன்வரிசையினர் எட்டுப் பேர் எதிரணியின் எட்டுப் பேரோடு தோள் கோத்துத் தள்ளுவது ஸ்க்ரம். பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை இரு வரிசைகளுக்கு நடுவே எறிந்து மீட்பது லைன் அவுட். தரையில் கிடக்கும் பந்தின் மேல் இரு அணியினரும் நின்றபடி மோதுவது ரக். பந்து இன்னும் கையில் இருக்கும்போதே நின்றபடி திரண்டு தள்ளுவது மால். இவற்றில் முதல் நாளிலிருந்தே புரிய வேண்டியது ரக் மட்டும்தான். அதற்குள் பக்கவாட்டிலிருந்து நுழையக்கூடாது. தன் அணியினரின் கடைசிக் காலுக்குப் பின்னாலிருந்தே வர வேண்டும். இதை மறந்தவர்கள் கொடுக்கும் பெனால்டிகளால்தான் கற்றுக்குட்டி அணிகள் பெரும்பாலும் தோற்கின்றன.

என்னென்ன வேண்டும்

செலவை நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். தொடங்குவதற்கு உண்மையில் தேவைப்படுவது மூன்று பொருள்கள்தான்: பல்லைக் காக்கும் மவுத்கார்டு, பிடிமானமுள்ள பூட்ஸ், எளிதில் கிழியாத உடை. இவற்றில் மவுத்கார்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பல் மருத்துவரிடம் அச்செடுத்துச் செய்துகொள்வது மிகச் சிறந்தது. அதற்கு வசதியில்லாதவர்கள், வெந்நீரில் நனைத்துக் கடித்துப் பொருத்தும் வகையை விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கலாம். ஆனால் வாங்கிய அப்படியே வாயில் போட்டுக்கொண்டு இறங்குவது பயனற்றது. பெட்டியில் குறித்திருக்கும் நேரம்வரை வெந்நீரில் வைத்து, எடுத்ததும் ஒரு நொடி தண்ணீரில் காட்டி, மேல்வரிசைப் பல்லில் பொருத்தி, வாயை மூடி மெதுவாகக் கடித்தபடி உதட்டுக்கு வெளியே விரல்களால் ஈறோடு சேர்த்து அழுத்த வேண்டும். கூடவே நாக்கால் மேலண்ணத்தை நோக்கித் தள்ளி, உள்ளே காற்றை உறிஞ்ச வேண்டும். ஆறியபின் வாயைத் திறந்தால் அது தானாக விழக்கூடாது. அதைப் போட்டுக்கொண்டே தெளிவாகப் பேசவும் முடிய வேண்டும். விழுந்துவிட்டால் மறுபடி வெந்நீரில் போட்டுப் பொருத்துங்கள். என்னோடு ஆடிய ஒருவர், போட்டியில்லை, பயிற்சிதானே என்று மவுத்கார்டைப் பையிலேயே விட்டுவிட்டு இறங்கிய ஒரு மாலையில், சக அணியினரின் முழங்கை பட்டு முன்பல் இரண்டை இழந்தார். அதற்குப் பிறகு எங்கள் பயிற்சியில் வாயில் மவுத்கார்டு இல்லாதவரை மோதல் பயிற்சிக்குள் விடுவதே இல்லை.

பூட்ஸைப் பொறுத்தவரை கால்பந்துக்கு அணியும் சாதாரண ரப்பர் ஸ்டட் (அடிக் குமிழ்) பூட்ஸே போதும். நம் மைதானங்கள் ஆண்டில் பாதி நாள் இறுகிக் கிடப்பதால், சேற்றுக்கென்று செய்யப்பட்ட நீண்ட உலோக ஸ்டட்கள் இங்கே பாதத்தை நோகச் செய்யுமே தவிர உதவாது. ஸ்டட்டின் நீளம் 21 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதைவிட முக்கியமானது, சிமெண்ட் தரையில் நடந்து தேய்ந்த ஸ்டட்டின் விளிம்பு கத்திபோல் கூர்மையாகியிருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன் விரலால் தடவிப் பார்ப்பது. கீழே கிடப்பவரின் முதுகில் அந்த விளிம்புதான் கோடு போடுகிறது.

ஸ்க்ரம் கேப் எனப்படும் மெத்தைத் தொப்பியை முதல் நாளே வாங்கிவிடும் பெற்றோர்களிடம் ஒன்றைக் கனிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது காது மடல் நசுங்குவதையும் தலைத்தோல் கிழிவதையும் குறைக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. தொப்பி போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் தலையை முன்னே நீட்டி மோதும் பையன், தொப்பி இல்லாதவனைவிட ஆபத்தில் இருக்கிறான். தோளில் அணியும் மெல்லிய மெத்தைக்கும் இதே கதிதான். வேண்டுமானால் பிறகு வாங்கலாம்.

மோதிரம், சங்கிலி, கைக்காப்பு, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டே இறங்க வேண்டும். மூக்குத்தி, மெட்டி, மணிக்கட்டில் கட்டிய கயிறு என்று நாம் அணிகலனாகவே நினைக்காத பொருள்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுபவரின் ஜெர்சியில் விரல் மோதிரத்தோடு சிக்கினால் என்னாகும் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

பந்து வாங்கும்போது வயதுக்கேற்ற அளவு பார்த்து வாங்க வேண்டும். பெரியவர்களுக்கு 5-ஆம் எண் பந்து. ஏறத்தாழ 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும் 410 முதல் 460 கிராம் எடையும் உடையது. பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு 4-ஆம் எண், அதற்கும் சிறியவர்களுக்கு 3-ஆம் எண். சிறுவர்களின் கையில் பெரிய பந்தைக் கொடுத்தால் அவர்கள் விரலால் பிடிக்கப் பழகாமல் மார்போடு கட்டிக்கொள்ளப் பழகிவிடுவார்கள். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

முதல் ஆறு வாரம்

முதல் இரண்டு வாரம் மோதலே வேண்டாம். டச் ரக்பி ஆடுங்கள். பந்து வைத்திருப்பவரைக் கையால் தொட்டாலே அவர் நின்றுவிட வேண்டும். ஆறு முறை தொடப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். சிறுவர்களுக்கு இடுப்புப் பட்டையில் ஒட்டிய இரண்டு நாடாக்களில் ஒன்றைப் பிடுங்கும் டேக் ரக்பி இன்னும் பொருத்தம். பந்தைப் பின்னால் கொடுத்துக்கொண்டே முன்னால் நகர்வது என்ற விசித்திரமான பழக்கம் உடம்பில் ஏறுவதற்கு இந்த இரண்டு வாரம் வேண்டும். மோதலின் அச்சம் இல்லாதபோதுதான் கண் நிமிர்ந்து மைதானத்தைப் பார்க்கக் கற்கிறது.

பாஸ் கொடுக்கப் பழகும்போது நால்வர் பக்கவாட்டில் ஐந்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நில்லுங்கள். முதலில் நடந்து, பிறகு மெல்ல ஓடி, கடைசியில் முழு வேகத்தில். வாங்குபவர் இரு கைகளையும் மார்பளவில் முன்கூட்டியே நீட்டி, பத்து விரலும் கொடுப்பவருக்குத் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். கொடுப்பவர் பந்தை உள்ளங்கையில் அடக்காமல் விரல்களில் ஏந்தி, இடுப்பைத் திருப்பி, கைகளை உடலுக்குக் குறுக்கே வீசி, பந்து புறப்பட்ட பின்னும் விரல் நுனிகள் வாங்குபவரைச் சுட்டி நிற்கும்படி முடிக்க வேண்டும். பந்து அவர் நிற்கும் இடத்துக்கு அல்ல, அவர் ஓடி வந்து சேரப்போகும் இடத்துக்குப் போக வேண்டும். வாங்குபவரும் நின்றுகொண்டு காத்திராமல் சற்றுப் பின்னால் தங்கி, பாஸ் புறப்படும்போது வேகமெடுத்து வந்து வாங்க வேண்டும். வலக்கையர்களுக்கு இடப்பக்கம் கொடுப்பது எளிது, வலப்பக்கம் தடுமாறும். தடுமாறும் பக்கத்துக்கு இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். பந்தைச் சுழலவிட்டு நீளமாக அனுப்பும் பாஸை இப்போதே தொட வேண்டாம். ஐந்து மீட்டரில் நேராகக் கொடுக்கத் தெரிந்தபின் அது தானாக வரும்.

மூன்றாவது வாரத்தில் விழப் பழகுங்கள். புல் அடர்ந்த இடமோ மணல் பரப்போ தேடிக்கொள்ளுங்கள். கடற்கரை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. முதலில் முழங்காலிட்டு, பந்தை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, தொடை, இடுப்பு, தோளின் பின்புறம் என்ற வரிசையில் பக்கவாட்டாகச் சாயுங்கள். கையைத் தரையில் ஊன்றித் தடுக்கவே கூடாது. விழும்போது கையூன்றுவது மனித இயல்பு; ஆனால் ஓடும் உடலின் எடை முழுவதும் ஒரு மணிக்கட்டின் வழியே தோள்பட்டை எலும்புக்கு ஏறும்போது இரண்டில் ஒன்று முறிகிறது. பந்தை இரு கைகளாலும் பற்றியிருந்தால் ஊன்றுவதற்குக் கையே இருக்காது என்பதுதான் அதற்கு மருந்து. தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தால் பின்தலை தரையில் அடிபடாது. விழுந்த உடனே உடலை எதிரணிக்கும் பந்துக்கும் இடையே சுவராகத் திருப்பி, கை நீளும் தூரத்தில் பந்தைத் தன் அணியின் பக்கம் நிலைநிறுத்தி வையுங்கள். விழுந்தபின் பந்தைப் பிடித்துக்கொண்டே கிடப்பது குற்றம்; உடனே விட்டாக வேண்டும். முழங்காலிலிருந்து சரியாக வந்தபின் நின்றும், பிறகு நடந்தும், கடைசியில் ஓடியும் இதைச் செய்யுங்கள். ஐம்பது முறை விழுந்து எழுந்த பிறகு ஒருவரின் முகத்தில் தெரியும் நிம்மதி, மோதலைப் பற்றிய அச்சம் போய்விட்டதற்கான அடையாளம்.

நான்காவது வாரத்தில் டேக்கிள், அதாவது பந்தோடு ஓடி வருபவரைப் பிடித்து வீழ்த்துவது. ரக்பியின் காயங்களில் பெரும்பங்கு இங்கேதான் நிகழ்கிறது, அதிலும் டேக்கிள் செய்பவரின் தலை தவறான இடத்தில் இருக்கும்போது. ஆகவே அவசரப்படாமல், இருவரும் முழங்காலிட்ட நிலையில் தொடங்குங்கள். ஓடுபவர் உங்கள் வலத்தோளை நோக்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வலக்கால் அவருக்கு மிக அருகில் ஊன்றியிருக்க வேண்டும். வலத்தோள் அவருடைய தொடைக்கும் இடுப்புக்கும் இடையே படவேண்டும். தலை அவருடைய உடலுக்குப் பின்புறமாக, கன்னம் அவருடைய பிட்டத்தோடு ஒட்டியபடி இருக்க வேண்டும். ஓடுபவரின் முன்னால் தலையைக் கொண்டுபோனால் அவருடைய முழங்காலோ இடுப்பெலும்போ உங்கள் நெற்றியில் இறங்கும். முதுகு நேராக, தாடை நிமிர்ந்து, கண் திறந்தபடி இருக்கட்டும்; கண்ணை மூடிய நொடியில் தலை தாழ்ந்துவிடும். தோள் பட்ட அதே கணத்தில் இரு கைகளும் அவருடைய கால்களைச் சுற்றி வளைத்து ஒன்றையொன்று பற்ற வேண்டும். பிறகு கால்களால் தொடர்ந்து உந்துங்கள். அவர் விழுந்ததும் விடுங்கள், எழுங்கள்.

கையால் அணைக்காமல் தோளால் மட்டும் இடிப்பதும், தோளின் கோட்டுக்கு மேலே பிடிப்பதும், பிடித்தவரைத் தலைகீழாகத் தூக்கி வீசுவதும், பந்தைப் பிடிக்கக் காற்றில் எழும்பியவரைப் பிடிப்பதும் குற்றங்கள். மஞ்சள் அட்டை கிடைத்தால் 15 பேர் ஆட்டத்தில் 10 நிமிடமும் செவன்ஸில் 2 நிமிடமும் வெளியே உட்கார வேண்டும். விதியின் உச்சவரம்பு தோள்தான் என்றாலும், புதியவர்களுக்கு நான் இடுப்பைத் தாண்டி மேலே போக அனுமதிப்பதில்லை. இங்கிலாந்தில் 2023 முதல் தொழில்முறை அல்லாத ஆட்டங்களில் டேக்கிளின் உயரத்தை மார்பெலும்பின் அடிவரை இறக்கிவிட்டார்கள். இரு தலைகள் ஒரே உயரத்தில் சந்திப்பதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம்.

ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் ஒருவர் நிற்க மற்றவர் நடந்து வருவது, பிறகு இருவரும் நடப்பது, பிறகு அரை வேகம் என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஏறக்குறைய ஒரே எடையும் உயரமும் உடையவர்களையே இணையாக்குங்கள். ஸ்க்ரமை மட்டும் இந்த ஆறு வாரத்துக்குள் கொண்டுவர வேண்டாம். முதல் வரிசையில் நிற்கும் இரண்டு ப்ராப், ஒரு ஹூக்கர் ஆகிய மூவரின் கழுத்தின் மேல் பின்னாலிருப்பவர்கள் அனைவரின் எடையும் இறங்குவதால், பயிற்சி பெற்ற பயிற்றுநர் முன்னிலையில் மாதக்கணக்கில் பழகியவர்கள் மட்டுமே அந்த இடத்தில் நிற்க வேண்டும். ஆள் குறைகிறது என்பதற்காகப் புதியவரை அங்கே நிறுத்தும் அணியில் ஆட மறுத்துவிடுங்கள்.

உடற்தகுதிக்கு நீண்ட தூரம் மெதுவாக ஓடுவது அவ்வளவாக உதவாது. இருபது முதல் நாற்பது மீட்டர் வேகமாக ஓடி, தரையில் படுத்து எழுந்து, மறுபடி ஓடுவதைக் குறுகிய ஓய்வோடு திரும்பத் திரும்பச் செய்வதே ஆட்டத்தின் இயல்புக்கு நெருக்கமானது. வாரத்தில் இரண்டு நாள் தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி ஏறுதல் ஆகியவற்றைச் செய்யுங்கள். இவற்றோடு கழுத்துக்கும் ஒரு பயிற்சி சேருங்கள்: உள்ளங்கையை நெற்றியில் வைத்துக் கை தள்ள, தலை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும், பின்தலை, இரு பக்கம் என்று நான்கு திசையிலும் சில நொடிகள் போதும். உலக ரக்பி அமைப்பு 'ஆக்டிவேட்' என்ற பெயரில் ஓர் உடல் தயார்ப்படுத்தும் பயிற்சித் தொகுப்பை இலவசமாகத் தருகிறது. ஆட்டத்துக்கு முன்னும் பயிற்சிக்கு முன்னும் அதைத் தவறாமல் செய்யும் அணிகளில் காயம் குறைகிறது.

நம் வெயிலில் பயிற்சி நேரத்தைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் உப்புப் போட்ட நீர்மோரையோ எலுமிச்சைச் சாற்றையோ இடையிடையே குடியுங்கள். செம்மண் இறுகிய மைதானமாக இருந்தால் முந்தைய நாள் மாலையே தண்ணீர் பாய்ச்சச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லையென்றால் அன்று டச் ரக்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து மும்பை மைதானம் வரை

ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் விதிகளின் காரணமும் விளங்கும். இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் 1823-ல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவர் பந்தைக் கையில் எடுத்து ஓடியதாகச் சொல்லப்படும் கதைக்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் அந்தப் பள்ளியின் மாணவர்களே 1845-ல் விதிகளை எழுதிவைத்தது வரலாறு. பந்து நீள்வட்டமானதற்கும் அந்த ஊரே காரணம். பள்ளிக்கருகில் காலணி தைத்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் லிண்டன், பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி அதன் மேல் தோல் தைத்துப் பந்து செய்தார். அந்தப் பையின் வடிவமே பந்தின் வடிவமாயிற்று. ஊதும் வேலையைச் செய்துவந்த அவருடைய மனைவி நுரையீரல் நோயில் இறந்தார் என்றும், அதற்குப் பின்னரே அவர் ரப்பர் பைக்கு மாறினார் என்றும் சொல்வார்கள்.

1871 ஜனவரியில் இங்கிலாந்தின் ரக்பி சங்கம் அமைந்தது. அதே ஆண்டு மார்ச் 27 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடின. 1883-ல் மெல்ரோஸ் என்ற ஸ்காட்லாந்துச் சிற்றூரில், கிளப்புக்கு நிதி திரட்ட நெட் ஹெய்க் என்ற கசாப்புக்காரர் சொன்ன யோசனையில் செவன்ஸ் பிறந்தது. ஆட்டக்காரர்களின் இழந்த கூலிக்கு ஈடு கொடுப்பதா என்ற சண்டையில் 1895-ல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் பிரிந்துபோய், இன்று ரக்பி லீக் எனப்படும் தனி ஆட்டத்துக்கு வித்திட்டன. அதில் ஓர் அணிக்கு 13 பேர். அந்தப் பிரிவுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1995-ல்தான் ரக்பி யூனியன் வெளிப்படையாகச் சம்பளத்தை அனுமதித்தது. 2016-ல் செவன்ஸ் ஒலிம்பிக்குக்கு வந்தபோது ஆண்கள் தங்கத்தை ஃபிஜி வென்றது. அந்தத் தீவு நாட்டுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம்.

இந்தியாவுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு ஒரு கோப்பையில் பதிந்திருக்கிறது. 1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் பிரிட்டிஷார் ஆடிய ஆட்டத்தின் தொடர்ச்சியாக அடுத்த மாதம் அங்கே ஒரு கிளப் உருவானது. சில ஆண்டுகளில் உறுப்பினர் குறைந்து அது கலைந்தபோது, வங்கிக் கணக்கிலிருந்த வெள்ளி ரூபாய் நாணயங்களை உருக்கிக் கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதன் கைப்பிடிகள் நாகங்கள், மூடியின் மேல் ஒரு யானை. 1879 முதல் இன்றுவரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காக மோதுகின்றன.

இலங்கையில் ரக்பி இன்னும் ஆழமாக வேரூன்றியது. கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் ஆடிவரும் பிராட்பி ஷீல்ட் ஆட்டத்துக்கு, ஒரு பள்ளிக்கூட ஆட்டம் என்றே நம்ப முடியாத கூட்டம் திரள்கிறது. இந்திய ரக்பி சங்கம் அமைந்தது 1998-ல்தான். அதன்பின் ஆட்டம் கிளப் வாசல்களைத் தாண்டி, கல்கத்தாவின் குடிசைப் பகுதிச் சிறுவர்களிடமும் ஒடிசாவின் பழங்குடி மாணவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. புவனேஸ்வரத்தில் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் கலிங்கா நிறுவனத்தின் 14 வயதுக்குட்பட்ட அணி 2007-ல் லண்டனில் நடந்த பள்ளிகளுக்கான சர்வதேசப் போட்டியை வென்றது. அதே நிறுவனத்தில் படித்த சுமித்ரா நாயக் கடைசி நிமிடங்களில் உதைத்த பெனால்டியால் 2019-ல் மணிலாவில் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என வென்றது. 15 பேர் ஆட்டத்தில் அவர்களுக்கு அதுவே முதல் சர்வதேச வெற்றி. 2025 ஜூனில் மும்பையில் ஆறு அணிகளோடு நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் அணி வென்றது. பெயரில் சென்னை இருப்பதால் மட்டும் நம் தெருக்களில் ஆட்டம் வளர்ந்துவிடாது. ஆனால் பந்தைப் பார்த்தே இராத பிள்ளைகள் அதன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள், பயிற்சிக்கு அழைத்தால் வருகிறார்கள் என்பது சிறிய விஷயமல்ல.

அணி தேடுவதும் முதல் ஆட்டமும்

தனியாகக் கற்க முடியாத ஆட்டம் இது. உங்கள் மாநில ரக்பி சங்கத்தையோ, கல்லூரி உடற்கல்வி ஆசிரியரையோ, ஊரில் உள்ள கிளப்பையோ அணுகுங்கள். சேருவதற்கு முன் ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து பயிற்சியைப் பாருங்கள். புதியவரைப் பழையவரோடு முதல் நாளே மோதவிடுகிறார்களா, தலையில் அடிபட்டவரை உட்கார வைக்கிறார்களா, முதலுதவிப் பெட்டி கண்ணில் படுகிறதா என்பவை மட்டும் போதும், அந்த இடத்தின் தரத்தைச் சொல்லிவிடும்.

எந்த இடத்தில் ஆடுவது என்பதைப் பயிற்றுநரிடம் விட்டுவிடுங்கள். கனமான உடலுள்ளவருக்கு 1 முதல் 8 வரையிலான முன்வரிசை எண்களிலும், வேகமும் கைத்திறனும் உள்ளவருக்கு 9 முதல் 15 வரையிலான பின்வரிசை எண்களிலும் இடம் இருக்கிறது. புதியவரைப் பெரும்பாலும் ஓரத்தில் விங்காக நிறுத்துவார்கள். பந்து குறைவாகவே வரும், ஆனால் முழு ஆட்டமும் கண்முன் விரிந்து கிடக்கும். நடுவரிடம் பேசும் உரிமை அணித்தலைவருக்கு மட்டுமே உண்டு. தீர்ப்பு தவறு என்று தோன்றினாலும் பத்து மீட்டர் பின்னால் ஓடி வரிசையில் நில்லுங்கள்.

தலையில் அடிபட்டபின் தலைசுற்றல், குமட்டல், மங்கலான பார்வை, கேள்விக்குத் தடுமாறிய பதில், நிற்கையில் தள்ளாட்டம் என்று ஒன்று தெரிந்தாலும் அன்று ஆட்டம் முடிந்தது. உள்ளே திரும்பக் கூடாது, தனியாக வண்டி ஓட்டிப் போகவும் கூடாது, மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். தொழில்முறை அல்லாத ஆட்டக்காரர் மறுபடி போட்டியில் இறங்குவதற்குக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும் என்பது உலக ரக்பியின் வழிகாட்டல். அறிகுறிகள் சில நேரம் ஒன்றிரண்டு நாள் கழித்தே தலைகாட்டும். ஆகவே முதல் ஆட்டம் முடிந்து, எதிரணியோடு கைகுலுக்கி, பூட்ஸின் மண்ணைத் தட்டிவிட்டு வீடு திரும்பியதும், எங்கே எப்படி அடிபட்டது என்பதை வீட்டில் ஒருவரிடம் மறைக்காமல் சொல்லிவையுங்கள். இரவில் வாந்தியோ கடும் தலைவலியோ வந்தால் உங்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்போவது அவர்தான்.